படிவம் உண்மையிலேயே கெட்டதா? அக்சஸ் கொப்பியில் நடக்கும் தவறுகள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து அரிசி ஆலைகளிலும் சங்கங்களிலும் மைக்ரோசொஃப்ட் அக்சஸில் கணக்கு வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பழைய கொம்பியூட்டரில் ஒழுங்காக ஓடிய படிவம் புதியதில் கோணலாகத் தெரிந்ததும், "ஃபைல் கெட்டுப்போச்சு" என்று உடனே ரிப்பெயார் ஓடவிடுகிறார்கள். முதல் தவறே அதுதான். பெரும்பாலும் அங்கே எதுவும் கெட்டிருக்காது.

எழுத்தைப் பாருங்கள். தலைப்பெல்லாம் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தாகத் தெரிந்தால், அது பாமினியில் அடித்த படிவமாக இருக்கலாம். புதிய கணினியில் பாமினி எழுத்துரு இருக்காது. அதைப் போட்டுவிட்டுத் திறந்தால் தமிழ் வந்துவிடும்.

கேள்விக்குறிகள் வரிசையாக நின்றால் கதை வேறு. அக்சஸின் கோட் (கட்டளை வரிகள்) எழுதும் இடமான விபிஏ எடிட்டருக்கு, இப்போது பொதுவாகப் பாவிக்கும் யூனிகோட் தமிழ் தெரியாது. அங்கே ஒட்டிச் சேமித்த தமிழ் கேள்விக்குறியாகிவிட்டால் எந்த ரிப்பெயாரும் அதை மீட்காது. தமிழ்ச் செய்திகளை ஓர் அட்டவணையில் வைத்து, படிவத்தின் லேபலில் காட்டுங்கள். படிவம், பெட்டி, பட்டன் ஆகியவற்றின் உட்பெயர்களை ஆங்கிலத்தில் வைப்பதே நல்லது.

வேறொரு ஃபைலிலிருந்து இறக்குமதி செய்த படிவத்தின் பெட்டிகளுக்குள் 'நேம்' (#Name?) என்ற பிழை வந்தால், படிவம் மட்டும் வந்திருக்கிறது, அது நம்பியிருக்கும் ஏதோ ஒன்று வரவில்லை. அட்டவணை, குவெரி (அட்டவணையிலிருந்து தரவை எடுக்கும் கேள்வி), துணைப் படிவம், மொடியூல் (கோட் வைக்கும் இடம்) எதையும் அக்சஸ் தானாக இழுத்து வராது, நாம்தான் தெரிவுசெய்ய வேண்டும். அதே பெயரில் படிவம் ஏற்கெனவே இருந்தால், இறக்குமதியாவது பெயரின் கடைசியில் 1 ஒட்டிக்கொண்டு உட்காரும். பட்டனோ பழையதையே திறக்கும்.

பழைய 32 பிட் ஒஃபிஸிலிருந்து 64 பிட்டுக்குப் போனவர்களுக்கு கோட் நின்றுபோவதும் உண்டு. கோட்டில் உள்ள டிக்ளேர் (Declare) வரிகளில், அந்தச் சொல்லுக்குப் பின்னால் 'பிடிஆர்சேஃப்' (PtrSafe) சேர்த்துப் பாருங்கள்.

சரி, உண்மையில் கெடுவது எப்போது? திறந்திருக்கும் ஃபைலைக் கொப்பி பண்ணும்போது. வெள்ளாமை வெட்டுக் காலத்தில் ஒருவர் நெல் மூட்டை பதிந்துகொண்டிருப்பார், இன்னொருவர் அதே ஃபைலை பென் ட்ரைவில் இழுப்பார். பாதி எழுதிய நிலையில் பிரதி போய்விடும். ஃபைலுக்குப் பக்கத்தில் அதே பெயரில் பூட்டுப் படத்தோடு ஒரு சின்ன ஃபைல் தெரிந்தால், யாரோ உள்ளே இருக்கிறார், அல்லது கரண்ட் போய் ஒழுங்காக மூடப்படவில்லை. எல்லோரையும் வெளியேற்றுங்கள், பிறகு கொப்பி பண்ணுங்கள். பென் ட்ரைவை இஜெக்ட் கொடுக்காமல் பிடுங்குவதும், வைஃபை வழியாகப் பலர் ஒரே ஃபைலில் பதிவதும் இதே அழிவுக்குத்தான் வழி. அட்டவணைகளை ஒரு ஃபைலிலும் படிவங்களை இன்னொன்றிலும் பிரித்து வைத்தால், படிவம் கெட்டாலும் நெல் கணக்கு தப்பும்.

கெட்டே போய்விட்டதென்றால், மூலத்தைத் தொடாமல் முதலில் ஒரு பிரதி எடுங்கள். 'கொம்பாக்ட் அன்ட் ரிப்பெயார்' பிரதியில் மட்டும் ஓடட்டும். அதற்கும் சரிவராவிட்டால், வெற்று டேட்டாபேஸ் ஒன்று திறந்து எல்லாவற்றையும் அதற்குள் இறக்குமதி செய்யுங்கள். ஒரு படிவம் மட்டும் அடம்பிடித்தால், விபிஏ எடிட்டரில் கட்டளை அடிக்கும் இமீடியட் விண்டோவில் 'சேவ்ஆஸ்டெக்ஸ்ட்' (SaveAsText) கொடுத்து அதை உரையாக எழுதி, புதிய டேட்டாபேஸில் 'லோட்ஃப்ரம்டெக்ஸ்ட்' (LoadFromText) மூலம் ஏற்றுங்கள். ஏற மறுத்தாலும் அந்த உரையை நோட்பேடில் திறக்கலாம். கோட் அதன் அடியில் இருக்கும். படிவத்தைப் புதிதாக வரைந்து, அந்தக் கோட் வரிகளை எடுத்து ஒட்டுங்கள்.