டிராக்டரிலேயே கோடாரிக்கும் ரம்பத்துக்கும் ஓர் இடம்

2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னைகளைப் பட்டுக்கோட்டைப் பக்கம் அறுத்துக்கொண்டிருந்தோம். காலடியில் போட்டிருந்த அரிவாள் சறுக்கி பிரேக் பெடலுக்கு அடியில் போய்விட்டது. இன்றும் நினைத்தால் பதறுகிறது.

சவுக்கு, தேக்குத் தோப்புக்கு வண்டி கொண்டுபோகிறவர்கள் வெல்டிங் பட்டறையில் கருவிகளை வைக்க ஒரு தாங்கி செய்துகொள்ளுங்கள். ஆனால் வண்டி கவிழ்ந்தால் நம்மைக் காக்கும் ரோல் பாரில் வெல்டிங்கும் வேண்டாம், துளையும் வேண்டாம்; அதன் வலு குறைந்துவிடும். கலப்பை மாட்டும் மூன்று முனை இணைப்பில் கோத்துக்கொள்கிற மாதிரி எல் ஆங்கிள் இரும்பில் சட்டம் அடிப்பதே நல்லது. அந்த இணைப்பில் கோக்கும் இரும்பு முளைகளில் (பின்), சிறிய வண்டிகளில் கீழ் முளை 22 மி.மீ., மேல் முளை 19 மி.மீ. தடிமன் இருக்கும், பெரியவற்றில் சுமார் 28, 25. பட்டறைக்குப் போகும் முன் உங்கள் வண்டியில் அளந்துவிடுங்கள்.

செயின்சா பிளேடை இரும்பில் செருகினால் பல் மழுங்கும். இரண்டு பலகைகளுக்கு நடுவே இடைவெளி விட்டு மர உறை செய்யுங்கள். கோடாரிக் காம்புக்கும் கடப்பாரைக்கும் பி.வி.சி. குழாய் போதும், அடைமழைத் தண்ணீர் தேங்காமல் இருக்க அடியைத் திறந்தே விட்டு, கருவி கீழே நழுவாமல் குறுக்கே ஒரு போல்ட் போடுங்கள். கோடாரி வாய்க்குத் தோல் உறை கட்டாயம். பெட்ரோல் கேன் சைலன்சர் பக்கம் வரவே கூடாது.

அப்புறம், வரப்பு ஏறி இறங்கும்போது எல்லாம் துள்ளும். பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி, ஒவ்வொன்றையும் இழுத்துக் கட்டிவிடுங்கள்.