கல்லூரிக் கூடைப்பந்து முன்னோட்டம் எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தைத் தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு நவம்பரில் ஒரு வேலை வந்து ஒட்டிக்கொள்ளும், மார்ச் முடிந்து ஏப்ரல் பிறக்கும்வரை விடாது. அடுத்த ஆட்டத்தில் என்ன நடக்கும் என்று எழுதுவது, பேசுவது, வாட்ஸப் குழுவில் சண்டை போடுவது. ஒரு பக்கம் புள்ளிவிவரம் கொட்டிக் கிடக்கிறது, இன்னொரு பக்கம் ரசிகர்கள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள், இரண்டிலிருந்தும் கொஞ்சம் அள்ளிப் போட்டால் முன்னோட்டம் ரெடி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எழுதியதில் பாதி, ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்திலேயே பொருளில்லாமல் போய்விடும். கணிப்பு தப்பியதால் அல்ல, அது யாருக்கும் தப்பும். எண்களிடம் கேட்க வேண்டியதை ரசிகர்களிடமும், ரசிகர்களிடம் கேட்க வேண்டியதை எண்களிடமும் கேட்டதால்.

முதலில் எல்லாரும் விழுகிற குழி, ஆட்டத்துக்குச் சராசரி எத்தனை புள்ளி என்பது. ஒரு அணி சராசரியாக 80 அடிக்கிறது, இன்னொன்று 70 அடிக்கிறது, ஆகவே முதல் அணியின் தாக்குதல் பலமானது என்று எழுதிவிடுகிறோம். ஆனால் முதல் அணி ஓடி ஓடி ஆடி ஒரு ஆட்டத்தில் 75 முறை பந்தைக் கூடைப் பக்கம் கொண்டுபோகிறது, இரண்டாவது அணி நிதானமாக 62 முறைதான் கொண்டுபோகிறது என்று வையுங்கள். இப்படிப் பந்து கைக்கு வரும் ஒவ்வொரு முறையையும் பொசஷன் என்பார்கள். 100 பொசஷனுக்குக் கணக்குப் போட்டால் முதல் அணிக்கு ஏறக்குறைய 107, இரண்டாவதுக்கு 113. பலமான தாக்குதல் எது? புள்ளிவிவர ஆய்வாளர் கென் பொமராய் நடத்தும் கென்பாம் தரவரிசைப் பட்டியல் இந்த அடிப்படையில்தான் இயங்குகிறது. 100 பொசஷனுக்கு எத்தனை அடித்தார்கள், எத்தனை விட்டுக்கொடுத்தார்கள் என்று பார்த்து, எதிரணியின் தரத்துக்கு ஏற்ப அதைத் திருத்துகிறார்.

பொசஷன் எண்ணிக்கையை நீங்களே போடலாம், பெரிய கம்பசூத்திரம் இல்லை. அணி எடுத்த ஷாட்களிலிருந்து தாக்குதல் ரீபவுண்டை (தவறிய தன் ஷாட்டைத் தானே திரும்பப் பிடிப்பது) கழியுங்கள், டர்னோவரை (ஷாட் எடுக்காமலே பந்தை இழப்பது) கூட்டுங்கள், ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் இலவச எறிதல்) முயற்சிகளை 0.475ஆல் பெருக்கிச் சேருங்கள். 58 ஷாட், 9 தாக்குதல் ரீபவுண்ட், 12 டர்னோவர், 20 ஃப்ரீ த்ரோ என்றால் 58, அதில் 9 போக 49, கூட 12 சேர்த்து 61, அதோடு 9.5, ஆக 70.5. ஆட்டத்தின் ஸ்கோர் பட்டியலை வைத்துக்கொண்டு இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலை. இதைச் செய்யாமல் 'அதிரடி அணி', 'மந்தமான அணி' என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும், ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்று, நவம்பர், டிசம்பர் எண்களை அப்படியே நம்புவது. பெரிய கல்லூரிகள் அந்த மாதங்களில் சின்னக் கல்லூரிகளுக்குப் பணம் கொடுத்துத் தங்கள் அரங்கத்துக்கு வரவழைத்து 30, 40 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும். அந்தப் புள்ளிகள் எல்லாம் சீசன் சராசரிக்குள் போய் உட்கார்ந்துகொள்கின்றன. ஜனவரியில் கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள், அதாவது ஒரே குழுவில் சேர்ந்த கல்லூரிகள் தங்களுக்குள் ஆடுபவை, வரிசையாக வரத் தொடங்கியதும் வேறு அணியைப் பார்க்கிற மாதிரி இருக்கும். எதிரணியின் தரத்தைக் கணக்கில் எடுத்துத் திருத்தாத எந்தச் சராசரியையும் சந்தேகத்தோடு பாருங்கள்.

தூரத்திலிருந்து போடும் மூன்று புள்ளி ஷாட் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் முன்னோட்டங்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். ஒரு அணி வழக்கமாக 35 சதவீதம் போடுகிறது, ஆட்டத்துக்கு 20 முயற்சி செய்கிறது என்றால் எதிர்பார்ப்பு 7 கூடை. ஆனால் எந்தத் தனிக் காரணமும் இல்லாமல், வெறும் அதிர்ஷ்டத்தாலேயே ஒரு ராத்திரி 5 விழும், இன்னொரு ராத்திரி 9 விழும், இரண்டுமே சாதாரணம். இந்த 4 கூடை வித்தியாசம் 12 புள்ளி. பல ஆட்டங்கள் அதைவிடக் குறைந்த வித்தியாசத்தில் முடிகின்றன. ஆகவே 'கடந்த மூன்று ஆட்டமாக 45 சதவீதம் போடுகிறார்கள், ஃபார்மில் இருக்கிறார்கள்' என்ற வரியை எழுதும் முன் கை தயங்க வேண்டும். எதிரணி எத்தனை சதவீதம் உள்ளே போடுகிறது என்பது தடுக்கும் அணியின் கையில் அதிகம் இல்லை என்று பொமராய் பல வருடமாகச் சொல்லி வருகிறார். எதிரணி எத்தனை முறை முயற்சி செய்கிறது என்பதைத்தான் நல்ல தடுப்பு குறைக்கும். சதவீதத்தை விடுங்கள், முயற்சிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள்.

2018 மார்ச் 16, சார்லட் நகரம். அன்றைக்கு வர்ஜீனியாவுக்கும் யூஎம்பிசிக்கும் (மேரிலாண்ட் பல்கலைக்கழகம், பால்டிமோர் கவுண்டி) நடந்த ஆட்டத்தை இந்த விளையாட்டைப் பார்க்கிறவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். வர்ஜீனியா 31 வெற்றி, 2 தோல்வி, தேசியச் சாம்பியனைத் தீர்மானிக்க மார்ச்சில் தொடங்கும் என்சிஏஏ நாக்-அவுட் போட்டியில் ஒட்டுமொத்தமாக முதல் தரவரிசை. ஆண்கள் போட்டியில் அதுவரை 16ஆம் நிலை அணிகள், அதாவது தரவரிசையில் கடைசியாக வருபவை, முதல் நிலை அணிகளிடம் ஆடிய 135 ஆட்டங்களிலும் தோற்றிருந்தன. வர்ஜீனியா அந்த சீசனில் ஒரு முழு ஆட்டத்துக்கு விட்டுக்கொடுத்தது சராசரியாகச் சுமார் 54 புள்ளி. அன்று பாதி ஆட்டத்தில் 21-21. இரண்டாவது பாதியில் மட்டும் யூஎம்பிசி 53 அடித்தது. முடிவு 74-54. யூஎம்பிசி எடுத்த 24 மூன்று புள்ளி ஷாட்டில் 12 உள்ளே போயிற்று, ஜைரஸ் லைல்ஸ் 28 புள்ளி.

இதை யாரும் கணித்திருக்க முடியாது, கணிக்கச் சொல்லவும் இல்லை. ஆனால் முன்னோட்டம் எழுதியவர்கள் கவனித்திருக்க வேண்டியவை இரண்டு இருந்தன. வர்ஜீனியா மிக மெதுவாக ஆடும் அணி. பொசஷன் குறையக் குறைய, பலமான அணி தன் பலத்தைக் காட்டக் கிடைக்கிற வாய்ப்பும் குறையும், பலவீனமான அணிக்கு நாலு ஷாட் அதிர்ஷ்டமாக விழுந்தால் அதைச் சமன்செய்ய நேரம் இருக்காது. மற்றது, டி'ஆண்ட்ரே ஹன்டர் மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆட்டத்துக்குச் சில நாள் முன்புதான் வெளியே போயிருந்தார். சீசன் முழுக்க அவரும் ஆடிச் சேர்த்த எண்களை வைத்து, அவர் இல்லாத அணியைப் பற்றி எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அதற்கப்புறம் ரசிகர்கள் சொன்னதுதான் இன்னும் பெரிய பாடம். 'கோச் டோனி பென்னெட்டின் இந்த மந்த ஆட்டம் மார்ச்சில் வேலைக்கு ஆகாது' என்று அடித்துச் சொன்னார்கள். அடுத்த வருடமே, 2019இல், அதே வர்ஜீனியா, அதே கோச், அதே மெதுவான ஆட்டம், டெக்ஸாஸ் டெக்கை ஓவர்டைமில் 85-77 என்று ஜெயித்துச் சாம்பியன். இறுதி ஆட்டத்தில் 27 புள்ளி அடித்தவர் யார்? ஹன்டர்.

சரி, பழைய வரலாற்றுக்கு வருவோம். 'இந்த அரங்கத்தில் கடந்த எட்டு ஆட்டத்தில் ஏழு தோல்வி' போன்ற வரிகள் முன்னோட்டங்களில் கண்ணை மூடிக்கொண்டு வந்து விழும். எட்டு ஆட்டம் என்றால் சில சமயம் எட்டு வருடம். அன்று தோற்ற பையன்கள் இன்று எங்கேயோ வேலைக்குப் போய்க் குடும்பம் குட்டியோடு இருப்பார்கள். 2018இல், கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்து, 2021இலிருந்து கல்லூரி மாறிய உடனே ஆடலாம் என்ற விதியும் வந்தபிறகு, போன வருட அணியே இந்த வருடம் இல்லை. ஜெர்ஸி மட்டும்தான் அதே.

அதே சீசனில் இரு அணிகளும் முன்பு மோதியிருந்தால் அது உதவாதா என்று கேட்கலாம். உதவும், கொஞ்சம். 2022இல் ட்யூக்கும் நார்த் கரோலைனாவும் மூன்று முறை மோதின. பிப்ரவரி 5 அன்று சாப்பல் ஹில்லில், நார்த் கரோலைனாவின் சொந்த மண்ணில், ட்யூக் 87-67 என்று 20 புள்ளி வித்தியாசத்தில் நொறுக்கியது. மார்ச் 5 அன்று டர்ஹமில், ட்யூக்கின் சொந்த மண்ணில், அதன் கோச் மைக் ஷஷெவ்ஸ்கியின் கடைசி உள்ளூர் ஆட்டம், அரங்கம் முழுக்க அவருடைய பழைய வீரர்கள், எல்லாரும் விழாவுக்கு வந்த மாதிரி இருந்தார்கள். நார்த் கரோலைனா 94-81 என்று ஜெயித்துவிட்டுப் போனது, நாலு பேர் ஆளுக்கு 20 அல்லது அதற்கு மேல். ஏப்ரல் 2 அன்று நியூ ஆர்லியன்ஸில் அரையிறுதி, அதிலும் நார்த் கரோலைனா, 81-77, கேலப் லவ் 28.

இந்த மூன்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். முதல் ஆட்டத்தின் 20 புள்ளி இரண்டாவதைச் சொல்லவில்லை. உள்ளூர் அரங்கச் சாதகம் இரண்டு முறையும் தலைகீழாகப் போனது, இத்தனைக்கும் ட்யூக்கின் கேமரன் அரங்கம் 9,314 பேர் உட்காரும் சின்ன இடம், மாணவர்கள் ஆடுகள எல்லைக் கோட்டை ஒட்டி நின்று கத்துவார்கள், நாட்டிலேயே ஆடக் கஷ்டமான இடங்களில் ஒன்று என்று பேர். உள்ளூர்ச் சாதகம் உண்மைதான், சராசரியாக மூன்று புள்ளி அளவுக்கு மதிப்பும் போடுகிறார்கள், ஆனால் அது நூற்றுக்கணக்கான ஆட்டங்களின் சராசரி. ஒரு ராத்திரிக்கு உத்தரவாதம் இல்லை. 'அங்கே போய் யாரும் ஜெயிக்க முடியாது' என்று எழுதாதீர்கள். முந்தைய ஆட்டத்தில் ஸ்கோரைப் பார்ப்பதற்குப் பதில் யார் யாரைத் தடுத்தார்கள், எந்தப் பெரிய ஆள் ஃபவுலில் சிக்கி பெஞ்சுக்குப் போனார், எந்த ஐந்து பேர் சேர்ந்து ஆடும்போது வித்தியாசம் கூடியது என்று பாருங்கள். அடுத்த ஆட்டத்துக்குள்ளும் தொடர்ந்து வருவது அதுதான்.

தரவரிசைப் பட்டியலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஏபி பட்டியல் என்பது செய்தியாளர்கள் போடும் வாக்கு, அளவீடு அல்ல. 2022-23 சீசன் தொடங்கும்போது அதே நார்த் கரோலைனாதான் முதலிடம், கடைசியில் என்சிஏஏ போட்டிக்குள்ளேயே நுழையவில்லை. 1985இல் 64 அணிப் போட்டியானபின் சீசனுக்கு முன்பு முதலிடம் பிடித்த எந்த அணிக்கும் அந்த நிலை வந்ததில்லை. அதே சீசனில் கனெக்டிகட் 14 வெற்றியோடு தொடங்கி, அப்புறம் எட்டில் ஆறு தோற்று, ரசிகர்கள் கைகழுவிய நிலைக்கு வந்து, நாலாம் நிலை அணியாக மார்ச்சுக்குள் போய் ஆறு ஆட்டத்தையும் இரட்டை இலக்க வித்தியாசத்தில் ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியது. அந்த ஜனவரியில் 'மொமென்டம் போயிற்று' என்று எழுதிய யாரும் மார்ச்சில் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

இனி ரசிகர்கள். இவர்களை இரண்டு விதமாகத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். ஒரு கூட்டம், உணர்ச்சிவசப்பட்டவர்கள் என்று ஒரேயடியாக ஒதுக்கிவிடும். இன்னொரு கூட்டம், வாக்கெடுப்பு நடத்தி '78 சதவீதம் பேர் நம் அணிதான் என்கிறார்கள்' என்று முன்னோட்டத்தில் போடும். அந்தச் சதவீதத்துக்கு ஒரே பொருள்தான், எந்த அணிக்கு ரசிகர்கள் அதிகம் என்பது. என்னைக் கேட்டால், யார் ஜெயிப்பார் என்று ரசிகரிடம் கேட்கவே கூடாது. எதை நினைத்துப் பயப்படுகிறீர்கள் என்று கேளுங்கள். அணியின் முப்பது ஆட்டத்தையும் பார்த்த ஆள் அவர். 'நம்ம பாயின்ட் கார்டை (பந்தை முன்னே கொண்டுபோகிறவன்) முழு மைதானமும் நெருக்கிப் பிடித்தால் திணறுவான்', 'நம்ம சென்டர் (கூடைப் பக்கம் நிற்கும் பெரிய ஆள்) முதல் பாதியில் இரண்டு ஃபவுல் வாங்கினால் கோச் பயந்துபோய் உட்காரவைத்துவிடுவார், மாற்று ஆள் ரீபவுண்ட் எடுக்க மாட்டான்' என்று சொல்வார். கல்லூரி ஆட்டத்தில் ஐந்து ஃபவுலில் வெளியேற வேண்டும் என்பதால் அந்தப் பயத்துக்குக் காரணமும் உண்டு. தன் அணியைப் பற்றிய நம்பிக்கை மலிவு, தன் அணியைப் பற்றிய பயத்துக்குப் பின்னால் பெரும்பாலும் கண்ணால் பார்த்த ஒன்று இருக்கும். இரண்டு பக்க ரசிகர்களின் பயத்தையும் கேட்டுக்கொண்டு, அப்புறம் போய் எண்ணில் சரிபாருங்கள். டர்னோவர் பயம் என்றால் டர்னோவர் விகிதம் இருக்கிறது. ரீபவுண்ட் பயம் என்றால் தாக்குதல் ரீபவுண்ட் விகிதம் இருக்கிறது. ஷாட் உள்ளே போகும் திறன், டர்னோவர், தாக்குதல் ரீபவுண்ட், ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் போகும் அளவு, இந்த நாலையும்தான் கூடைப்பந்துப் புள்ளிவிவர ஆய்வாளர் டீன் ஆலிவர் ஆட்டத்தைத் தீர்மானிக்கும் நாலு காரணிகள் என்று பிரித்தார். ரசிகர் சொல்லும் பயம் ஏறக்குறைய எப்போதும் இதில் ஏதோ ஒன்றில் வந்து உட்காரும்.

எண்ணில் தெரியவில்லை என்றால்? அப்போது இரண்டில் ஒன்று. போன வாரத் தோல்வியின் கடுப்பில் பேசுகிறார், அல்லது எண்ணுக்கு இன்னும் எட்டாத புதிய விஷயத்தைப் பார்த்திருக்கிறார். எது என்று ஒரு ஆட்டத்தை நீங்களே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், குறுக்கு வழி இல்லை.

காயச் செய்தியில் மட்டும் ரசிகரை நம்பி எழுதிவிடாதீர்கள். பயிற்சியில் நொண்டினான், ஹாஸ்டலில் ஊன்றுகோலோடு பார்த்தேன் என்பதெல்லாம் 19, 20 வயதுப் பையனின் உடல்நிலை பற்றிய வதந்தி, அதைப் பரப்புவது அசிங்கம். பிக் டென், எஸ்இசி போன்ற கான்ஃபரன்ஸ்களில் யார் ஆடுவார், யார் சந்தேகம் என்ற பட்டியலை இப்போது ஆட்டத்துக்கு முன்பே வெளியிடுகிறார்கள். அது வரும்வரை பொறுங்கள். முன்னோட்டத்தை முந்தின நாளே முடித்துவிட்டாலும் அந்த ஒரு பத்தியை மட்டும் திறந்து வைத்திருங்கள்.

கடைசியாகக் கணிப்பு. 80 சதவீத வாய்ப்பு என்று எழுதிவிட்டு அந்த அணி தோற்றதும் 'கணிப்பு பொய்த்தது' என்று திட்டு வாங்குவது வழக்கம். ஐந்தில் ஒன்று தோற்கும் என்றுதானே அந்த 80 சொல்கிறது. இதை வாசகருக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள், கூடவே அந்த ஐந்தில் ஒன்று எப்படி நடக்கும் என்றும் எழுதுங்கள்: எதிரணி 30 மூன்று புள்ளி ஷாட் எடுக்க நேர்ந்தால், நம் சென்டர் எட்டாவது நிமிடத்திலேயே இரண்டாவது ஃபவுல் வாங்கினால், பொசஷன் 60க்குக் கீழே போனால். முதல் பாதி முடியும்போது வாசகர் அதை எடுத்து வைத்துக்கொண்டு ஸ்கோர் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 'கடும் போட்டியாக இருக்கும், சிறப்பாக ஆடுபவர்கள் ஜெயிப்பார்கள்' என்று முடிக்கிற முன்னோட்டத்தில் ஒப்பிட ஒன்றுமே இருக்காது.