ஒரு டென்னிஸ் வீரரின் ஆட்ட வாழ்க்கையை எழுதுவது எப்படி: கிரிகோர் டிமிட்ரோவை முன்வைத்து

விளையாட்டு வீரர் ஒருவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை முதலில் போவது கோப்பைப் பட்டியலுக்குத்தான். பல்கேரியாவின் கிரிகோர் டிமிட்ரோவைப் பற்றி அப்படி எழுதத் தொடங்கினால் ஒன்பது வரிகளில் கட்டுரை முடிந்துவிடும்: ஒன்பது ஏடிபி (ஆடவர் தொழில்முறை டென்னிஸ் சங்கம்) பட்டங்கள், கிராண்ட்ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய தொடர்களில் ஒற்றையர் பட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக உலகின் பெரிய மைதானங்களில் ஆடி, உலகத் தரவரிசையில் மூன்றாம் இடம் வரை ஏறி, எழுபத்தெட்டாம் இடம் வரை இறங்கி, முப்பத்திரண்டு வயதில் மீண்டும் முதல் பத்துக்குள் நுழைந்த ஒருவரின் கதை அந்த ஒன்பது வரிகளில் அடங்காது. அவருடைய ஆட்டத்தை நெடுநாளாகப் பின்தொடர்பவன் என்ற முறையில், இப்படிப்பட்ட வாழ்க்கையை நேர்மையாக எழுத நான் பின்பற்றும் வழியை இங்கே சொல்கிறேன். வேறெந்த வீரரை எழுதவும் இது உதவும் என்றாலும், டிமிட்ரோவுக்குத்தான் இது மிகவும் பொருந்துகிறது.

ஊரிலிருந்து தொடங்குங்கள், ஆனால் ஊரோடு நின்றுவிடாதீர்கள். டிமிட்ரோவ் 1991 மே 16 அன்று தெற்கு பல்கேரியாவின் ஹாஸ்கோவோ நகரில் பிறந்தார். தந்தை டிமிடர் டென்னிஸ் பயிற்சியாளர். தாய் மரியா கைப்பந்து ஆடியவர். அவர்களுக்கு இவர் ஒரே பிள்ளை. மகனின் முதல் பயிற்சியாளரும் தந்தையே. இந்தச் செய்தியைப் பலரும் ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுகிறார்கள். அதோடு பல்கேரிய டென்னிஸின் பின்னணியையும் சேர்த்தால்தான் அதற்குப் பொருள் கிடைக்கும். அந்நாட்டில் டென்னிஸ் என்றாலே அதுவரை பெண்களின் பெயர்கள்தான் நினைவுக்கு வந்தன. முன்னாள் தேசிய சாம்பியனான யூலியா பெர்பெரியான் தம் மூன்று மகள்களையும் தாமே பயிற்றுவித்தார். மனுவேலா, கேட்டரினா, மக்தலீனா ஆகிய மலீவா சகோதரிகள் மூவருமே உலகின் முதல் பத்து இடங்களுக்குள் வந்தார்கள். 2010 விம்பிள்டனில் ஸ்வெட்டானா பிரோன்கோவா, வீனஸ் வில்லியம்ஸை வென்று அரையிறுதிக்குச் சென்றார். ஆகவே டிமிட்ரோவை ‘முதல் பத்துக்குள் வந்த முதல் பல்கேரியர்’ என்று எழுதினால் அது தவறு. ‘முதல் பல்கேரிய ஆண்’ என்று எழுத வேண்டும். ஒரு சொல்லை விட்டால் மூன்று சகோதரிகளின் உழைப்பு மறைந்துபோகிறது என்பதால் இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன்.

அடுத்து இளையோர் காலம். 2008இல் விம்பிள்டன், அமெரிக்க ஓபன் இரண்டிலும் சிறுவர் ஒற்றையர் பட்டத்தை வென்ற அவர் அதே ஆண்டு இளையோர் தரவரிசையில் முதலிடம் பிடித்தார். இதை வியப்போடு எழுதலாம். ஆனால் எதிர்காலத்துக்கான உறுதிமொழியைப்போல எழுதக்கூடாது. அவர் தம் முதல் ஏடிபி பட்டத்தை வெல்ல அதற்குப் பின் ஐந்து ஆண்டுகள் ஆயின. அந்த இடைவெளியில் பார்சிலோனாவின் சான்செஸ்-கசால் அகாடமி, பாரிஸில் பாட்ரிக் மொரடோக்லுவின் அகாடமி, பிறகு ஸ்வீடன் என்று இடம் மாறி இடம் மாறிப் பயிற்சி பெற்றார். பதின்பருவத்திலேயே வீட்டைவிட்டு வெளியேறி, மொழி தெரியாத ஊர்களில் வளர்ந்தவர் என்பதை வாசகருக்கு உணர்த்த இந்த ஊர்ப்பெயர்களே போதும்; உணர்ச்சிச் சொற்கள் தேவைப்படாது.

பயிற்சியாளர்களின் வரிசையைத் தனித்தாளில் ஆண்டுவாரியாக எழுதி, அதற்கு எதிரே ஆட்ட முடிவுகளை வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் அந்த இரண்டு பத்திகளையும் உடனே காரணகாரியமாக முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். ஆஸ்திரேலியரான ரோஜர் ரஷீத் 2013 இறுதியில் பொறுப்பேற்ற பிறகு 2014 ஆம் ஆண்டு பிரமாதமாக அமைந்தது. அதே ரஷீத் உடனிருந்த 2015இல் ஆட்டம் சரிந்து இருவரும் பிரிந்தார்கள். ஏற்றத்துக்குப் பயிற்சியாளர் காரணம் என்றால் சரிவுக்கும் அவரே காரணம் என்றாகிவிடும். இரண்டையும் அப்படியே பதிவு செய்துவிட்டு, தீர்ப்பை வாசகரிடம் விடுவதே முறை.

இனி, வேலையின் மையப்பகுதிக்கு வருவோம். ஒவ்வொரு பெரிய ஆட்டத்துக்கும் நான்கு செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: தரை, எதிராளி, செட் வாரியான புள்ளி, ஆட்டம் முடிந்த விதம். வெற்றி, தோல்வி என்பது இந்த நான்கிலிருந்து தானாகவே தெரிந்துவிடும்.

தரை ஏன் முக்கியம் என்பதற்கு 2014ஐப் பாருங்கள். 2013 அக்டோபரில் ஸ்டாக்ஹோமில் உள்ளரங்குக் கடினத் தரையில் டேவிட் ஃபெரரை வென்று, ஏடிபி ஒற்றையர் பட்டம் வென்ற முதல் பல்கேரியர் ஆனார். அடுத்த ஆண்டு அகபுல்கோவில் கடினத் தரை, புக்கரெஸ்டில் களிமண், லண்டன் குயின்ஸ் கிளப்பில் புல்தரை என மூன்று தரைகளிலும் பட்டம் வென்றார். பந்து எழும்பும் உயரமும் வேகமும் மூன்றிலும் வேறு வேறு. கால் வழுக்கும் விதமும் வேறு. ஒரே ஆண்டில் மூன்றுக்கும் தம்மை மாற்றிக்கொண்டவர் என்று எழுதும்போதுதான், வெறும் ‘மூன்று பட்டங்கள்’ என்ற எண்ணுக்கு உயிர் வருகிறது. அவற்றில் குயின்ஸ் இறுதிப்போட்டி மூன்று செட்களும் டைபிரேக் (6-6 என்று சமனாகும்போது செட்டை முடிவு செய்யும் கடைசி கேம்) வரை போன ஆட்டம். ஃபெலிசியானோ லோபஸுக்கு எதிராக முதல் செட்டை இழந்து, தோல்விக்கு ஒரே ஒரு புள்ளி இருந்த நிலையில் அந்த மேட்ச் பாயின்ட்டைத் தடுத்து மீண்டார். ‘வென்றார்’ என்ற ஒரு சொல்லில் இது தெரியாது. அதே ஆண்டு விம்பிள்டன் காலிறுதியில் நடப்புச் சாம்பியன் ஆண்டி மர்ரேயை 6-1, 7-6, 6-2 என்று அவருடைய சொந்த மண்ணிலேயே வீழ்த்தினார். அரையிறுதியில் ஜோகோவிச்சிடம் நான்கு செட்களில் தோற்றார். அந்த நான்காவது செட் டைபிரேக்கில் அவருக்கு செட் பாயின்ட்கள் கிடைத்தன என்பதை எழுத மறக்காதீர்கள். விம்பிள்டன் முடிந்ததும் ஜூலையில் அவர் முதல் பத்துக்குள் நுழைந்தார்.

ஒரு தோல்வியையாவது அருகிலிருந்து எழுதுங்கள். நான் எப்போதும் தேர்ந்தெடுப்பது 2017 ஆஸ்திரேலிய ஓபன் அரையிறுதியை. ரஃபேல் நடாலுக்கு எதிராக 3-6, 7-5, 6-7, 7-6, 4-6. நேரம் 4 மணி 56 நிமிடம். ஐந்தாவது செட்டில் டிமிட்ரோவ் 4-3 என முன்னிலையில் இருந்தபோது நடாலின் சர்வீஸில் அவருக்கு இரண்டு பிரேக் பாயின்ட்கள் (எதிராளி சர்வீஸ் செய்யும் கேமை வெல்லும் வாய்ப்புகள்) வந்தன. அவற்றில் ஒன்றை எடுத்திருந்தால் அடுத்து தம் சர்வீஸில் ஆட்டத்தை முடிக்கும் வாய்ப்பு கிடைத்திருக்கும். நடால் இரண்டையும் காப்பாற்றினார். அடுத்த கேமிலேயே டிமிட்ரோவின் சர்வீஸை உடைத்தார். பிறகு தம் சர்வீஸில் முடித்தார். ஐந்து மணி நேரம் நீண்ட ஆட்டம் பத்து நிமிடங்களில் கைமாறியது. இந்த இடத்தில் ‘மனவலிமை போதவில்லை’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். அப்படி எழுதாதீர்கள். ஐந்து செட் புள்ளிகளையும் வரிசையாகப் படிக்கும் எவருக்கும், இரண்டு முறை பின்தங்கி இரண்டு முறையும் சமன் செய்த ஒருவரைத்தான் அவை காட்டும்.

அந்த 2017 தான் அவருடைய உச்சம். ஜனவரியில் பிரிஸ்பேன், பிப்ரவரியில் சொந்த நாட்டு ரசிகர்களின் முன்னால் சோபியா, ஆகஸ்டில் ஒரு செட்கூட இழக்காமல் சின்சினாட்டி மாஸ்டர்ஸ், நவம்பரில் லண்டனில், ஆண்டின் சிறந்த எட்டு வீரர்கள் ஆடும் ஏடிபி இறுதித் தொடர். இந்தக் கடைசித் தொடரில் ஐந்து ஆட்டங்களையும் வென்றார். முதல்முறை பங்கேற்கும்போதே பட்டம் வெல்வது என்பது 1998இல் அலெக்ஸ் கொரெட்ஜாவுக்குப் பிறகு யாரும் செய்யாதது. குழு ஆட்டத்தில் டேவிட் கோஃபினை 6-0, 6-2 என்று சுருட்டியவர், அதே வாரத்தின் இறுதிப்போட்டியில் அதே கோஃபினை வெல்ல 7-5, 4-6, 6-3 என்று போராட வேண்டியிருந்தது. அதே மைதானம், அதே இருவர், நான்கே நாள் இடைவெளி. ஆனால் ஆட்டம் முற்றிலும் வேறு. மறுபக்கத்தையும் சொல்லிவிடுங்கள்: ஜோகோவிச், மர்ரே, வாவ்ரிங்கா மூவரும் காயத்தால் அந்தத் தொடரில் ஆடவில்லை, நடால் ஒரே ஆட்டத்தோடு விலகினார். இதைச் சொல்வதால் அவருடைய வெற்றி சிறுத்துவிடாது. மறைத்தால்தான் கட்டுரையின் மேல் வாசகருக்குள்ள நம்பிக்கை குறையும்.

தரவரிசையை எழுதும்போது அது எப்படி இயங்குகிறது என்பதை ஓரிரு வரிகளில் விளக்குங்கள். ஒரு போட்டியில் ஈட்டும் புள்ளிகள் 52 வாரங்களே கணக்கில் நிற்கும். அடுத்த ஆண்டு அதே அளவு ஈட்டாவிட்டால் அவை கழிந்துவிடும். தோல்வியே காணாமல் ஏடிபி இறுதித் தொடரை வென்றதற்கு 1,500 புள்ளிகள். 2017 நவம்பர் 20 அன்று அவரை மூன்றாம் இடத்துக்கு ஏற்றியவற்றுள் அவையும் அடங்கும். 2018இல் அந்தத் தொடருக்கே அவர் தகுதி பெறாததால் அத்தனையும் கழிந்தன. ஆண்டு முடிவில் பத்தொன்பதாம் இடம். 2019இல் தோள்பட்டைக் காயமும் சேர்ந்துகொள்ள, அமெரிக்க ஓபனுக்கு வந்தபோது எழுபத்தெட்டாம் இடம். தரவரிசை என்பது ஒரு வீரரின் தரத்தைவிட, கடந்த ஓராண்டில் அவர் உடல் எப்படி ஒத்துழைத்தது என்பதையே பல நேரங்களில் சொல்கிறது.

அந்த அமெரிக்க ஓபனில்தான் ரோஜர் ஃபெடரருடனான ஒப்பீட்டையும் தீர்த்துவைக்க வேண்டும். ஒற்றைக் கை பேக்ஹேண்டும் (மட்டை பிடிக்கும் கைக்கு எதிர்ப்புறம் வரும் பந்தை அடிக்கும் முறை) சர்வீஸ் அசைவும் ஒத்திருந்ததால் இளம் வயதிலேயே அவரைக் ‘குட்டி ஃபெடரர்’ என்று அழைத்துவிட்டார்கள். இந்தப் பட்டப்பெயரைக் கட்டுரையில் ஒருமுறை குறிப்பிடுங்கள், அதைத் தலைப்பாக்காதீர்கள். ஏழு முறை ஃபெடரரிடம் தோற்றிருந்த டிமிட்ரோவ், 2019 காலிறுதியில் 3-6, 6-4, 3-6, 6-4, 6-2 என்று வென்றார். ஐந்தாவது செட்டுக்கு முன் ஃபெடரர் மேல்முதுகு வலிக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டார் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். 1991இல் ஜிம்மி கானர்ஸுக்குப் பிறகு அவ்வளவு பின்தங்கிய தரவரிசையிலிருந்து அமெரிக்க ஓபன் ஆடவர் அரையிறுதிக்கு யாரும் வந்ததில்லை.

ஆட்ட நுணுக்கத்தை எழுத, பதிவுகளை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். டிமிட்ரோவின் விஷயத்தில் பந்தைவிடக் கால்களைக் கவனியுங்கள்: கடினத் தரையிலும் களிமண்ணில் போலச் சறுக்கிக்கொண்டு போய், கால்களை முழுவதும் விரித்த நிலையில் அவர் பந்தைத் திருப்புவார். பிறகு பேக்ஹேண்ட் ஸ்லைஸ். கீழ்நோக்கி வெட்டியடிக்கும் அந்தப் பந்து தரையில் பட்டு எழும்பாமல் வழுக்கிச் செல்வதால், எதிராளி முழங்காலை மடக்கி அதைத் தூக்கி ஆட வேண்டிவரும். தூக்கப்பட்ட பந்து டிமிட்ரோவின் ஃபோர்ஹேண்டுக்கு, அதாவது மட்டை பிடிக்கும் கைப்பக்க அடிக்கு, விருந்து. 2024 மயாமி காலிறுதியில் கார்லோஸ் அல்கராஸ் 2-6, 4-6 என்று தோற்ற ஆட்டத்தில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். 1973இல் கணினித் தரவரிசை தொடங்கிய பிறகு முதல்முறையாக, 2024 பிப்ரவரியில் முதல் பத்தில் ஒற்றைக் கை பேக்ஹேண்ட் ஆடும் வீரர் ஒருவர்கூட இல்லாமல் போனார். மயாமியில் இறுதி வரை சென்று ஏப்ரலில் பத்துக்குள் திரும்பிய டிமிட்ரோவ் அந்த வெற்றிடத்தை நிரப்பினார்.

வறண்ட ஆண்டுகளைத் தாவிவிடாதீர்கள். லண்டன் பட்டத்துக்கும் 2024 ஜனவரியில் பிரிஸ்பேனில் ஹோல்கர் ரூனேவை வென்ற அடுத்த பட்டத்துக்கும் இடையே ஆறு ஆண்டுகளுக்கு மேல் கடந்தன. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் பாரிஸ் மாஸ்டர்ஸ் இறுதியில் ஜோகோவிச்சிடம் தோற்றுவிட்டு, இருக்கையில் அமர்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அந்தக் கண்ணீரை எழுதுவதென்றால், அதற்கு முந்தைய ஆண்டுகளை வாசகர் ஏற்கெனவே கடந்துவந்திருக்க வேண்டும். 2024 பிரெஞ்சு ஓபனில் காலிறுதிக்கு வந்தபோது, நான்கு கிராண்ட்ஸ்லாம்களிலும் காலிறுதி கண்டவர் ஆனார்.

காயங்களையும் வெற்றிகளுக்குத் தரும் அதே கவனத்தோடு தேதியிட்டு எழுதுங்கள். 2024 விம்பிள்டன் தொடங்கி அடுத்தடுத்து ஐந்து கிராண்ட்ஸ்லாம்களில் அவர் ஆட்டத்தின் நடுவே விலக நேர்ந்தது. ஐந்தாவது, 2025 ஜூலை 7 அன்று விம்பிள்டன் நான்காம் சுற்று. உலகின் முதல்நிலை வீரர் யானிக் சின்னருக்கு எதிராக 6-3, 7-5 என இரண்டு செட்களை வென்றிருந்த டிமிட்ரோவ், மூன்றாவது செட்டில் ஒரு ஏஸ் (எதிராளியால் தொடமுடியாத சர்வீஸ்) அடித்து 2-2 என்று சமன் செய்த அந்தக் கணத்திலேயே வலது மார்பைப் பிடித்துக்கொண்டு புல்லில் சரிந்தார். வலையைக் கடந்து ஓடிவந்தார் சின்னர்; டிமிட்ரோவ் கண்ணீரோடு மைதானத்தைவிட்டு வெளியேறியபோது அவருடைய பையையும் சின்னரே தூக்கிச் சென்றார். அந்தத் தொடரைச் சின்னர் வென்றார். இந்தப் பத்தியில் ‘இருந்திருந்தால்’ என்ற சொல்லை ஒருமுறைகூடப் பயன்படுத்தாமல் எழுதிப் பாருங்கள். வாசகர் அதைத் தாமே சொல்லிக்கொள்வார்.

இன்னும் ஓய்வு அறிவிக்காத வீரரைப் பற்றி எழுதும்போது கடைசிப் பத்தியில் ஒவ்வொரு எண்ணுக்கும் அது எந்த நாள் வரைக்குமானது என்பதைக் குறிப்பிடுங்கள். மார்புத் தசை கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டதால் 2025 அமெரிக்க ஓபனில் டிமிட்ரோவ் ஆடவில்லை. 2011 ஆஸ்திரேலிய ஓபனிலிருந்து ஒன்றுகூட விடாமல் அவர் ஆடிவந்த தொடர்ச்சியான கிராண்ட்ஸ்லாம்களின் எண்ணிக்கை அதோடு 58இல் நின்றது.