சபையில அடிபட்டவங்களப் பத்திக் கதை எழுதப் போறீங்களா?

சபைக்குள்ள பாஸ்டர்ட பிடியில மனசு காயப்பட்ட ஒரு ஆள வச்சு கிறிஸ்தவக் கதை எழுதப் போறீங்க எண்டா, தொடங்க முதலே ஒண்ட முடிவு பண்ணிக்கொள்ளுங்க: கடைசி அத்தியாயத்தில நல்ல பாஸ்டர் ஒருத்தர் வரப்போறதில்ல. நம்மட ஆக்கள் எழுதுறது நிறைய இப்பிடித்தான் முடியுது, கதாநாயகி கெட்ட பாஸ்டர்ட்ட இருந்து தப்பி நல்ல பாஸ்டர்ட்ட போய்ச் சேருவா, அவர் தலையில கைய வச்சு ஜெபிப்பார், இவ அழுவா, எல்லாம் சுகம். உண்மையா அடிபட்ட ஒருத்தர் வாசிச்சா அந்தப் பக்கத்தோட மூடி வச்சிருவாங்க, ஏனெண்டா அவட வாழ்க்கை இன்னும் வேற ஒருத்தர்ட கையிலதான இருக்கு, கைதான மாறியிருக்கு.

முதல்ல பாஸ்டர்ட அந்தப் பிடி அவ மேல எப்பிடி விழுந்தது எண்டத காட்டோணும், அதுக்கு அவசரப்படாதீங்க. ஒருத்தரும் முதல் நாளே அடிச்சு உள்ளுக்க இழுக்கிறதில்ல. வவுனியாவில இருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்து வெள்ளவத்தையில ஒரு ரூமில தனியா இருக்கிற பிள்ளைக்கு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிய சாப்பாட்டுப் பார்சல் கட்டிக் குடுத்து வேன்ல கொண்டுவந்து இறக்கிவிடுற சபை சொர்க்கமாத்தான் தெரியும், அது உண்மையான அன்பாவும் இருக்கும், வாசகரும் அந்தச் சபைய விரும்போணும். பிறகு கொஞ்சம் கொஞ்சமா வரட்டும். போயா (பௌர்ணமி) லீவில ஊருக்குப் போய் அம்மாவப் பாக்க பாஸ்டர்ட்ட கேக்கோணும், ஏனெண்டா அண்டைக்கு உபவாச ஜெபம். சம்பளம் கூடினது அவருக்கு எப்பிடியோ தெரிஞ்சு தசமபாகக் கவர் மெல்லிசா இருக்கு எண்டு ஒரு சிரிப்பு. சனிக்கிழமை கவுன்சிலிங்ல அழுது சொன்னது ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில பேர் இல்லாம வருது, ஆனா எல்லாருக்கும் ஆள் ஆரெண்டு விளங்குது.

அதோட வாட்ஸ்அப் குரூப்ப விட்டுராதீங்க. அவ ரெண்டு கிழம வராம விட்டவுடன ஒரு மெசேஜ்: "நம்முடைய சகோதரி ஒருவர் பின்மாற்றத்தில் விழுந்திருக்கிறார், பாரத்தோடு ஜெபியுங்கள்." அதுக்குக் கீழ வரிசையா கும்பிட்ட கை. ஒரு ஆள் கூட கோல் எடுத்து சாப்பிட்டியா எண்டு கேக்கல. இத அப்பிடியே எழுதினாப் போதும், 'அவர்கள் மாய்மாலக்காரர்' எண்டு நீங்க வந்து விளக்கத் தேவையில்ல.

கதைக்கிற விதத்திலயும் கவனம் வேணும். பாஸ்டர் வேதாகமத் தமிழ்ல கதைப்பார், அவவும் அங்க போனா 'ஸ்தோத்திரம், கர்த்தர் நல்லவர்' எண்டு அதே தமிழுக்கு மாறிருவா, வீட்ட ஃபோன்ல அம்மாவோட மட்டும் அவட சொந்தக் குரல் வரும். கதை போகப் போக அந்தச் சொந்தக் குரல் கூடிக்கொண்டு வந்தா, சுகமாகுறா எண்டு நீங்க எழுதாமலே தெரியும். கத்தோலிக்கச் சூழல் எண்டா ஃபாதர், கோயில், பூசை எண்டு எல்லாம் மாறும், மெதடிஸ்ட் ஆக்கள் இன்னொரு மாதிரி, பெந்தெகொஸ்தே சொற்கள தூக்கிக் கொண்டுபோய் அங்க வச்சா கத்தோலிக்க ஆக்கள் நிறைய இருக்கிற கொட்டாஞ்சேனையில ஒருத்தரும் நம்ப மாட்டாங்க.

பாஸ்டர பேயா எழுதாதீங்க. 2022இல சாமான் ஒண்டும் வாங்க ஏலாம சனம் லைன்ல நிண்ட காலத்தில வீடு வீடா அரிசி பருப்பு கொண்டுபோய்க் குடுத்த மனுசனாவும் அவர் இருக்கட்டும். அப்பிடி இருந்தாத்தான் அவ ஏன் இவ்வளவு நாள் விட்டுட்டு வரல எண்டது வாசகருக்கு விளங்கும், இல்லாட்டி 'இவ என்ன லூசா' எண்டுதான் கேப்பாங்க.

இனி வசனங்கள். இந்தக் கதையில ஆயுதமே அதுதான். கேள்வி கேட்டா உடன வாறது சங்கீதம் 105:15, அபிஷேகம்பண்ணினவர்களத் தொடாதே. அத எதிர்த்து ஒரு பாத்திரத்த வச்சு பக்கம் பக்கமா வாதாட விடாதீங்க, கதை செத்துரும். பதிலா, பல மாசத்துக்குப் பிறகு அவ அதே சங்கீதத்த பன்னிரண்டாம் வசனத்தில இருந்து தனிய வாசிக்கட்டும். அங்க இருக்கிறவங்க கொஞ்சப் பேர், நாடு நாடாத் திரியிற பரதேசிகள், அவங்களத் தொடவேணாம் எண்டு கடவுள் ராஜாக்களத்தான் கடிஞ்சுகொள்றார். மேடையில நிக்கிறவர்ட பாதுகாப்புக்கு எண்டு அவ நம்பியிருந்த வசனம் ரூம் வாடகைக்குத் தடுமாறுற தன்ர பக்கம் நிக்குது எண்டு விளங்கிற அந்த இடம் ரெண்டு வரி போதும், அதுக்கு மேல வேணாம். எசேக்கியேல் 34இல தங்களையே மேய்க்கிற மேய்ப்பர்கள், 3 யோவான்ல ஆக்கள சபைக்கு வெளிய தள்ளுற தியோத்திரேப்பு, இதெல்லாம் நீங்க எழுத முதல் வாசிச்சு வைங்க, கதையில போடோணும் எண்டில்ல. இப்பிடிக் கதை எழுதுறதே பாவம் எண்டு ஆராவது சொன்னா 2 சாமுவேல் 12ஐக் காட்டுங்க. தாவீதுட குற்றத்த நாத்தான் ஒரு ஆட்டுக்குட்டிக் கதை சொல்லித்தான் வெளிய கொண்டுவந்தவர்.

இப்ப கனிவுக்கு வருவம், எல்லாரும் சறுக்குற இடம் இது. கனிவு எண்டா இனிமையாக் கதைக்கிறது எண்டு நினைச்சு எழுதிருவாங்க, ஆனா முதல் அத்தியாயத்தில சபை ஆக்களும் அப்பிடித்தான கதைச்சாங்க, அவவுக்கு இப்ப இனிமையே பயம். என்ர கணக்கு இதுதான், 'வேணாம்' எண்டு சொன்ன பிறகு என்ன நடக்குது எண்டத காட்டுங்க. வீட்டுக்கார அன்ட்டி ஒருத்தர் இருக்கிறா எண்டு வைப்பம்:

"பிள்ள, நான் ஒருக்கா ஜெபிக்கட்டா?"

"வேணாம் அன்ட்டி."

"சரி. தேத்தண்ணிக்கு சீனி போடவா?"

இதில அந்த 'சரி'யோட விசயம் முடியாது. அடுத்த கிழம அன்ட்டி அதே முகத்தோட இருக்கோணும், வாடகை கூடக் கூடாது, இவ ஜெபத்துக்கு ஒத்துக்கொள்ளல எண்டு பக்கத்து வீட்டுக்குப் போகக் கூடாது, மூண்டாம் நாள் கதவுக்குக் கீழால வசன அட்டை வரக் கூடாது. அவ உள்ளுக்க காத்துக்கொண்டே இருப்பா, எப்ப முகம் மாறும் எண்டு. மாறாது. அந்தக் காத்திருப்ப பத்துப் பக்கம் எழுதினாலும் வாசிக்கலாம்.

வேதாகமத்திலயும் கனிவு இப்பிடித்தான் வருது. 1 இராஜாக்கள் 19இல சாக வேணும் எண்டு சூரைச்செடிக்குக் கீழ படுத்த எலியாவுக்கு தேவதூதன் அடையும் தண்ணியும் குடுக்கிறான், அவர் திரும்பவும் படுக்கிறார், திரும்பவும் சாப்பாடு, 'இங்க உனக்கு என்ன காரியம்' எண்ட கேள்வி ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான். யோபுட சிநேகிதரும் ஏழு நாள் வாய் திறக்காம நிலத்தில இருந்த வரைக்கும் நல்லாத்தான் இருந்தாங்க.

கனிவு கிறிஸ்தவ ஆள்ட்ட இருந்துதான் வரோணும் எண்டும் இல்ல, புறக்கோட்டைக் கடையில கூட வேலை செய்யிற முஸ்லிம் அக்காவா இருக்கலாம். இல்லாட்டி கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். செவ்வாய்க்கிழமையில எல்லாச் சமயத்து ஆக்களும் போற இடம், அது விக்கிரகம் எண்டு சொல்லி வளர்த்த பிள்ளை பின்னுக்குப் போய் நிக்கிறா, ஒருத்தரும் நீ எந்தச் சபை எண்டு கேக்கல. ஆனா அங்க குண்டு வெடிச்ச 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு நடக்கிற கதையெண்டா அந்தக் கோயில சும்மா அழகுக்கு வைக்க ஏலாது, அங்க நிக்கிறவங்களுக்கும் அவங்கட இழப்பு இருக்கு.

சுகமாகுறது நேர்கோடா வராது. கீபோர்ட்ல மெல்லமா கோர்ட் பிடிக்கிற சத்தம் கேட்டாலே கை குளிரும், ஞாயிறு காலமை சும்மா படுத்திருக்கக் குற்ற உணர்ச்சி. மன்னிப்புக் காட்சி கட்டாயம் இல்ல, அப்பிடியே மன்னிச்சாலும் அந்தச் சபைக்குத் திரும்பிப் போறது வேற விசயம், ரெண்டையும் ஒண்டாக் கட்டாதீங்க. அவ உடைஞ்சு போற கட்டத்தில 1926 மனநல உதவி இலக்கத்துக்கு ஒரு கோல் எடுக்கிறதா எழுதினா விசுவாசம் குறையாது. கதையில சிறுபிள்ளை மேல கை வச்ச விசயம் வந்தா, உங்கட கனிவான பாத்திரம் 'ஜெபத்தில வைப்பம்' எண்டு சொல்லக் கூடாது, 1929 சிறுவர் உதவி இலக்கத்துக்கோ பொலிசுக்கோ போகோணும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. 2019இல சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார பிக்குமாரப் பத்தின ஒரு சிறுகதைக்காக மத வெறுப்பத் தூண்டுறதத் தடுக்கிற ஐ.சி.சி.பி.ஆர் சட்டத்தில கைதாகி நாலு மாசத்துக்கு மேல உள்ளுக்க இருந்தவர், பிறகு 2021இல கோர்ட் அவர வழக்கில இருந்து விடுவிச்சது. பயந்து எழுதாம விடச் சொல்லல. ஆனா உண்மையான ஒரு பாஸ்டர்ட கார், ரோட்டு, மனிசிட பேர எல்லாம் தூக்கி அப்பிடியே போடாதீங்க, மானநஷ்ட வழக்கு வரும், அத விட மோசம், அதே சபையில அடிபட்ட வேற பிள்ளையள ஆக்கள் கண்டுபிடிச்சிருவாங்க. ஒருத்தர் உங்களுக்குச் சொன்ன கதையெண்டா கேட்டுட்டு எழுதுங்க.

எழுதி முடிஞ்சா முதல்ல பாஸ்டருக்குக் குடுக்காதீங்க. அடிபட்டு வெளிய வந்த ஒருத்தருக்குக் குடுங்க, ஜெப அறைக் காட்சி மாதிரி மனசு நோகிற இடம் எத்தினையாம் பக்கத்தில வருது எண்டு முதலே சொல்லி, வேணுமெண்டா அத விட்டுட்டு வாசிக்கச் சொல்லி. வாசிக்க ஏலாது எண்டு திருப்பித் தந்தா ஏன் எண்டு கேக்காம வாங்கிக்கொள்ளுங்க.