பழைய ஸ்பிளெண்டருக்கு மாற்று டயர்: குறைந்த செலவில் சரியானதைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓடிய மோட்டார் சைக்கிளுக்குப் புது டயர் வாங்கும்போது, வண்டியே சில ஆயிரம் ரூபாய்தான் பெறும் என்ற எண்ணத்தில் கிடைப்பதில் மலிவானதை மாட்டிவிடத் தோன்றும். பால் ஊற்றுபவரும், ஒயரிங் வேலை பார்ப்பவரும், காய்கறி மூட்டையோடு சந்தைக்குச் செல்பவரும் நாள்தோறும் நம்பியிருப்பது இத்தகைய வண்டிகளைத்தான் என்பதால், அந்த எண்ணத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் சாலையைத் தொட்டுக்கொண்டிருப்பது இரண்டு டயர்களின் உள்ளங்கை அளவான பரப்பு மட்டுமே. பிரேக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வண்டி நிற்பது அந்தப் பரப்பின் பிடிமானத்தால்தான். நல்ல செய்தி என்னவென்றால், பழைய சாதாரண வண்டிக்குப் பாதுகாப்பான டயர் விலை உயர்ந்த டயராக இருக்க வேண்டியதில்லை. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் சில எண்களைப் படிக்கத் தெரிந்தால், சிக்கனமும் பாதுகாப்பும் ஒரே டயரில் கிடைத்துவிடும். 1994-இல் அறிமுகமாகி இன்றும் தமிழ்நாட்டுச் சாலைகளில் பெருமளவில் ஓடும் ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டரையே முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதை விளக்குகிறேன்.

மாற்ற வேண்டியது எது?

மெக்கானிக் சொன்னார் என்பதற்காக இரண்டு டயர்களையும் சேர்த்து மாற்ற வேண்டியதில்லை. பெரும்பாலான வண்டிகளில் பின் டயரே விரைவில் தேயும். இழுவையும், பின்னால் அமர்பவரின் எடையும் அதன்மேல் விழுகின்றன. டயரின் பக்கவாட்டில் சிறு முக்கோணக் குறியோ டி.டபிள்யூ.ஐ. (தேய்மானக் குறி) என்ற எழுத்துகளோ இருக்கும். அதற்கு நேராக, டயரின் மேற்பரப்பில் உள்ள பள்ளத்துக்குள் பார்த்தால் சிறிய ரப்பர் மேடு ஒன்று தெரியும். பட்டன், அதாவது பள்ளங்களுக்கு இடையே உள்ள ரப்பர், தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் காலம் முடிந்தது. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி இருசக்கர வாகனங்களுக்குப் பள்ளத்தின் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. சட்டம் அவ்வளவு அனுமதித்தாலும், ஐப்பசி மழைக்கு முன்பே 1.5 மில்லிமீட்டர் அளவில் மாற்றிவிடுவதையே நான் பரிந்துரைப்பேன். ஈரச் சாலையில் தண்ணீரை வெளியேற்றும் வேலையை அந்தப் பள்ளங்கள்தான் செய்கின்றன.

தேய்மானத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வது பழைய வண்டிகளில் போதாது. வாரத்துக்கு ஒருமுறை மட்டும் எடுக்கப்படும் வண்டியின் டயரில் பட்டன் நிறைய இருக்கும், ஆனால் வெயிலும் காலமும் ரப்பரை இறுகச் செய்திருக்கும். பக்கவாட்டிலும் பள்ளங்களின் அடியிலும் மயிரிழை வெடிப்புகள் ஓடியிருந்தாலோ, ஓரிடத்தில் புடைத்திருந்தாலோ, பட்டன் எவ்வளவு இருந்தாலும் அந்த டயரைக் கழற்றிவிட வேண்டும். ஒரே ஒரு டயருக்குத்தான் பணம் இருக்கிறது, இரண்டும் சம அளவில் மோசமாக உள்ளன என்ற நிலை வந்தால் முன் டயரை முதலில் மாற்றுங்கள். பின்சக்கரம் வழுக்கினால் சமாளிக்க ஓரளவு வாய்ப்புண்டு. முன்சக்கரம் வழுக்கினால் கீழே விழுவதைத் தவிர்ப்பது மிகக் கடினம்.

அளவு ஒன்றாக இருந்தாலும் டயர் ஒன்றல்ல

பழைய ஸ்பிளெண்டரில் முன்னும் பின்னும் 2.75-18 என்ற ஒரே அளவுதான். 2.75 என்பது டயரின் அகலத்தையும், 18 என்பது ரிம்மின் விட்டத்தையும் அங்குலத்தில் குறிக்கின்றன. இதைப் பார்த்துவிட்டு, முன்பக்கத்துக்கான டயர் விலை குறைவாக இருப்பதால் அதையே பின்பக்கத்துக்கும் வாங்கிவிடுபவர்கள் உண்டு. கவனமில்லாத கடைக்காரர்கள் கொடுத்தும் விடுகிறார்கள். மலிவு டயர் வாங்குவதில் நிகழும் மிக ஆபத்தான பிழை இதுவே என்பதால் சற்று விரிவாகப் பார்ப்போம்.

நிறுவனம் பரிந்துரைத்த முன் டயர் 42 பி, 4 பி.ஆர்.; பின் டயர் 48 பி, 6 பி.ஆர். இதில் 42, 48 ஆகியவை சுமைக் குறியீட்டு எண்கள். 42 என்றால் அந்த டயர் 150 கிலோ வரை தாங்கும். 48 என்றால் 180 கிலோ. பி என்ற எழுத்து, மணிக்கு 150 கிலோமீட்டர் வரையிலான வேகத்துக்கு அந்த டயர் ஏற்றது என்பதைக் காட்டுகிறது. பி.ஆர். என்பது டயரின் உள்கட்டுமான வலிமைக்கான மதிப்பீடு, 6 பி.ஆர். என்பதால் உள்ளே ஆறு அடுக்குகள் இருக்கின்றன என்று பொருளாகாது, ஆனால் 4 பி.ஆர். டயரைவிட அதிகக் காற்றழுத்தத்தையும் சுமையையும் அது தாங்கும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். வண்டியின் எடை சுமார் 110 கிலோ. தலா 65 கிலோ எடையுள்ள இருவர் அமர்ந்து, 25 கிலோ அரிசி மூட்டை ஒன்றையும் ஏற்றினால் மொத்தம் 265 கிலோ. இருவர் செல்லும்போது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பின்சக்கரத்தின்மேல் விழும் என்று கொண்டால், பின் டயர் சுமப்பது 177 கிலோ. 48 எண்ணுள்ள டயர் இதைத் தன் எல்லைக்குள் தாங்கிக்கொள்கிறது. 42 எண்ணுள்ள டயரோ அளவில் சரியாகப் பொருந்தினாலும் தன் வரம்பைவிட 27 கிலோ கூடுதலாகச் சுமந்து, சூடேறி, பக்கவாட்டில் பலவீனமடைந்து, மே மாத வெயிலில் நெடுஞ்சாலையில் வெடிக்கும் நிலைக்குத் தள்ளப்படுகிறது. ஆகவே கடையில் அளவை மட்டும் சொல்லாதீர்கள். "பின்சக்கரத்துக்கு, 48-க்குக் குறையாத எண்" என்று கேளுங்கள். பரிந்துரைத்த எண்ணுக்கு மேற்பட்டதை வாங்கலாம், கீழ்ப்பட்டதை வாங்கக் கூடாது.

வேறு பழைய வண்டிகளுக்கும் இதே முறைதான். பழைய புல்லட் 350-இலும் முன்னும் பின்னும் 3.25-19 என்ற ஒரே அளவு உண்டு. அங்கும் இரண்டு பக்கத்துக்குமான எண்களைத் தனித்தனியே பார்க்க வேண்டும். சரியான அளவை ஏற்கெனவே மாட்டியிருக்கும் டயரிலிருந்து படிக்காதீர்கள். முந்தைய உரிமையாளர் எதையாவது மாட்டியிருக்கலாம். வண்டியின் கையேட்டிலோ வண்டியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரிலோ உள்ளதே நம்பத்தக்கது.

அகலமான டயர் என்ற ஆசை

பின்னால் அகலமான டயர் போட்டால் பிடிமானம் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். ரிம்மின் அகலத்துக்கு மீறிய டயரைப் போட்டால் அதன் இரு விளிம்புகளும் உள்நோக்கி இழுக்கப்பட்டு, நடுப்பகுதி உருண்டு மேலெழும்பும். அப்போது சாலையைத் தொடும் பரப்பின் வடிவமே மாறி, வண்டி வளைவுகளில் தயங்கும். நடுப்பகுதி மட்டும் விரைந்து தேயும். பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும். செயின் கவரிலும் மட்கார்டிலும் டயர் உரசினால் நிலைமை இன்னும் மோசம்.

இருப்பினும் அங்குல அளவில் டயர் கிடைக்காமல் மில்லிமீட்டர் அளவுக்கு மாற நேரிடலாம். 80/100-18 என்றால் அகலம் 80 மில்லிமீட்டர், பக்கவாட்டு உயரம் அந்த அகலத்தில் 100 விழுக்காடு, அதாவது அதே 80 மில்லிமீட்டர். ஸ்பிளெண்டரே பிற்காலத்தில் 2.75-18 அளவிலிருந்து இந்த அளவுக்கு மாறியது என்பதால், பழைய வண்டிக்கும் இது பொருத்தமான மாற்று. இந்த அளவிலும் சுமை எண்கள் வேறுபடும்: 47 என்றால் 175 கிலோ, 54 என்றால் 212 கிலோ, பின்சக்கரத்துக்கு 54-ஐத் தேர்ந்தெடுங்கள். 90/90-18 டயரின் பக்கவாட்டு உயரம் 81 மில்லிமீட்டர்தான், எனவே சக்கரத்தின் உயரம் ஏறக்குறைய மாறாது. ஆனால் அகலம் 10 மில்லிமீட்டர் கூடிவிடும். ஸ்பிளெண்டரின் ஒடுக்கமான ரிம்முக்கு அது தேவையற்றது.

டயர் பிறந்த தேதி

பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் அல்லது டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மூன்றே இலக்கங்கள் இருந்தால் அந்த டயர் 2000-க்கு முந்தையது. அதை இலவசமாகக் கொடுத்தாலும் மாட்டக் கூடாது. ஓராண்டுக்குள் தயாரான டயரை வாங்குவது நல்லது. இரண்டாண்டுப் பழையது நல்ல தள்ளுபடியில் கிடைத்து, நிழலில் வைக்கப்பட்டிருந்து, நிறையக் கிலோமீட்டர் ஓடக்கூடிய உங்கள் வண்டிக்கு அது விரைவில் தேய்ந்துவிடும் என்றால் வாங்கலாம். குறைவாக ஓடும் வண்டிக்கு இந்தத் தள்ளுபடியால் பயனில்லை. தேய்வதற்கு முன்பே ரப்பர் இறுகிவிடும்.

ஸ்பிளெண்டர் டயர் எல்லாக் கடைகளிலும் வேகமாக விற்பனையாவதால் சரக்கு புதிதாகவே இருக்கும். உற்பத்தி நின்று பல ஆண்டுகளான வண்டிகளுக்கே உரிய அளவுகள் சிறிய ஊர்க் கடைகளில் நீண்ட நாள் அடுக்கிலேயே கிடக்கும் என்பதால், அத்தகைய வண்டி வைத்திருப்போர் இந்த இலக்கங்களை இருமுறை பார்க்க வேண்டும். இணையத்தில் வாங்குவோர் தேதியை முன்கூட்டியே கேட்டுப் பெறவும், வந்தவுடன் சரிபார்த்துத் தேவையானால் திருப்பி அனுப்பவும் வேண்டும்.

இத்துடன் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் பாருங்கள். இருசக்கர, மூன்று சக்கர வாகன டயர்களுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 15627, இந்தியாவில் விற்கப்படும் டயர்களுக்கு இந்த முத்திரை கட்டாயம். அருகிலுள்ள உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டுச் சரிபார்க்கலாம்.

பழைய டயர், ரப்பர் ஒட்டிய டயர்

சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய உதிரிபாகங்களோடு பயன்படுத்திய டயர்களும் கிடைக்கின்றன. பக்கக் கண்ணாடியையோ ஸ்டாண்டையோ அங்கே வாங்கலாம், டயரை வாங்காதீர்கள். தேய்ந்த டயரில் சூடான கத்தியால் பள்ளத்தை ஆழமாக வெட்டிப் புதிதுபோல் காட்டுவது உண்டு. அப்படி வெட்டியதில் மிஞ்சுவது உள் இழைகளை மூடிய மெல்லிய ரப்பர் மட்டுமே. பள்ளத்தின் அடியில் தேய்மான மேடு காணப்படாவிட்டாலோ, பள்ளத்தின் ஓரங்கள் சீரற்று இருந்தாலோ அது வெட்டிய டயர்தான். லாரிக்கு முறைப்படி செய்யப்படும் ரீட்ரெட், அதாவது தேய்ந்த டயரின்மேல் புது ரப்பர் ஒட்டுவது, நம்பத்தக்கதாக இருக்கலாம். ஆனால் ஒரு டயர் வெடித்தாலும் தாங்க வேறு சக்கரங்கள் லாரிக்கு உண்டு. இருசக்கர வாகனத்துக்கு இல்லை. இதில் விதிவிலக்காகச் சொல்லத்தக்கது ஒன்று உண்டு: புது வண்டி வாங்கியவர் வேறு டயர் மாட்டுவதற்காகக் கழற்றிக் கொடுத்த, ஏறத்தாழ ஓடாத டயர். அளவு, எண், தேதி மூன்றும் பொருந்தினால் அது நல்ல பேரம்.

டியூப் வேண்டுமா?

கம்பிச் சக்கரம் உள்ள பழைய வண்டிக்கு டியூப் டைப் டயரே போதும். டியூப்லெஸ் டயரை வாங்கி உள்ளே டியூப் போட்டு ஓட்டலாம், தயாரிப்பாளர்கள் பலர் அதை அனுமதிக்கவும் செய்கிறார்கள். ஆனால் பஞ்சரானால் காற்று மெல்ல இறங்கும் என்ற டியூப்லெஸ் பயன் அப்போது கிடைக்காது, கூடுதல் விலை வீணாகும். அலாய் சக்கரம் இருப்பதாலேயே டியூப் தேவையில்லை என்றும் கருதிவிடக் கூடாது. பழைய அலாய் ரிம்கள் பலவற்றில் டயரின் விளிம்பைப் பிடித்து நிறுத்தும் உள் மேடு இல்லை. காற்று இறங்கும்போது டயர் ரிம்மிலிருந்து நழுவிவிடும். ரிம்மிலேயே டியூப்லெஸ் என்று பொறித்திருந்தால் மட்டுமே டியூப் இல்லாமல் ஓட்டுங்கள்.

புது டயருக்குள் பழைய டியூபைப் போடுவது தவறான சிக்கனம். ஓடி ஓடி விரிந்த டியூப் புது டயருக்குள் மடிந்து, அந்த மடிப்பிலேயே கிழியும். அளவுக்கு ஏற்ற புது டியூபும், கம்பிகளின் முனை டியூபைக் குத்தாமல் காக்கும் ரிம் டேப்பும் டயர் விலையோடு ஒப்பிட்டால் சிறு தொகைதான்.

விலையை எப்படி ஒப்பிடுவது?

1,400 ரூபாய் டயர் 14,000 கிலோமீட்டரும், 1,800 ரூபாய் டயர் 24,000 கிலோமீட்டரும் ஓடுகின்றன என்று வைத்துக்கொண்டால், முதலாவது கிலோமீட்டருக்கு 10 காசு, இரண்டாவது 7.5 காசு. உங்கள் ஊரில் இதே வண்டியை நிறைய ஓட்டும் கூரியர்காரர்களிடமும் பஞ்சர் கடைக்காரரிடமும் எந்த டயர் எவ்வளவு ஓடியது என்று கேட்டால் விளம்பரத்தைவிடப் பயனுள்ள விடை கிடைக்கும். எம்.ஆர்.எஃப்., சியட், அப்பல்லோ, ஜே.கே., மதுரை வெள்ளரிப்பட்டியில் ஆலை வைத்துள்ள டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா ஆகியவை இவ்வகை அளவுகளில் டயர் தருபவை. இந்நிறுவனங்களின் சாதாரண அன்றாட ஓட்ட வகையே நமக்குப் போதும். ரப்பர் மிருதுவான பந்தய வகைகள் விரைவில் தேயும்.

2025 செப்டம்பர் 22 முதல் புது டயர்களுக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. பழைய விலைச்சீட்டைக் காட்டி அதே விலையைக் கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் நாலு கடை விசாரித்து வாங்கலாம். எங்கே வாங்கினாலும் பில் கட்டாயம்; உற்பத்திக் குறைபாட்டுக்கு மாற்று டயர் கேட்க அதுவே ஆதாரம்.

மாட்டும் இடத்தில் நில்லுங்கள்

டயரின் அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையை நோக்கி இருக்க வேண்டும். விளிம்பில் கிரீஸோ பழைய ஆயிலோ தடவ விடாதீர்கள், சோப்புத் தண்ணீரே போதும். சக்கரம் கழன்றிருக்கும் நேரத்தில் பேரிங்கைக் கையால் சுழற்றிப் பார்க்கவும், தளர்ந்த கம்பிகளை இறுக்கவும், பிரேக் டிரம்மைத் துடைக்கவும் சொல்லுங்கள். இதற்கென்று இன்னொரு நாள் கூலி கொடுக்க வேண்டியதில்லை. பின்சக்கரத்தை மாட்டியபின் செயின் அட்ஜஸ்டரின் இருபுறக் குறிகளும் சமமாக உள்ளனவா, அச்சு நட்டு இறுகியுள்ளதா என்பதைக் கண்ணால் உறுதி செய்யுங்கள். டயர் ரிம்மில் சீராக அமர்ந்திருந்தால் பக்கவாட்டில் ஓடும் மெல்லிய கோடு ரிம்மிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தொலைவில் இருக்கும்.

புது ரப்பரின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருப்பதால் முதல் 150 கிலோமீட்டர் வரை வளைவுகளில் சாய்ப்பதையும் திடீர் பிரேக்கையும் தவிர்க்க வேண்டும். கையேட்டில் உள்ள காற்றழுத்தத்தை, டயர் சூடேறுவதற்கு முன், பதினைந்து நாளுக்கு ஒருமுறை சரிபாருங்கள். இருவர் செல்வதற்குப் பின் டயருக்குத் தனி அளவு கொடுக்கப்பட்டிருக்கும். முதல் வாரத்தில் வால்வு ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பது தெரிந்தால் டயர் ரிம்மின்மேல் நகர்கிறது என்று பொருள். காற்றை இறக்கி, வால்வை நேராக்கி, மீண்டும் சரியான அளவுக்குக் காற்று நிரப்பச் சொல்லுங்கள்.