கலர் பென்சில் வாங்கும் முன் ஒரு சின்னக் கட்டம் தீட்டிப் பாருங்கள்

புதிதாக வரையத் தொடங்குகிறவர்கள் கலர் பென்சில் வாங்கப் போனால், பெட்டியில் எத்தனை நிறம் இருக்கிறது என்றுதான் முதலில் எண்ணுகிறார்கள். நான் அந்த எண்ணிக்கையைக் கடைசியில்தான் பார்ப்பேன். ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம் ஏறுகிறதா என்பதுதான் எனக்கு முக்கியம். அது சரியாக இருந்தால் பன்னிரண்டு பென்சிலில் என்னென்னவோ வரையலாம். சரியில்லாவிட்டால் எழுபத்திரண்டு இருந்தும் படம் வெளிறித்தான் இருக்கும்.

முதலில், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நிறம் தரும் நிறமி, அதைப் பிடித்து வைக்கும் மெழுகு அல்லது எண்ணெய், கூடவே களிமண், சுண்ணாம்புத் தூள் போன்ற நிரப்புப் பொருள். மலிவான பென்சிலில் நிறமி குறைவு, நிரப்புப் பொருள் அதிகம். எவ்வளவு அழுத்தினாலும் நிறம் எடுக்காததற்கு அதுதான் காரணம், உங்கள் கை இல்லை.

மெழுகு அதிகம் உள்ளவை மென்மையானவை, வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு தாளை நிரப்பும். பிரிஸ்மாகலர் பிரீமியர் இந்த வகை. ஆனால் அழுத்தித் தீட்டினால் சில நாளில் மேலே வெள்ளையாக ஒரு படலம் பூக்கும். மெல்லிய துணியால் லேசாகத் துடைத்தால் போய்விடும். எண்ணெய் அதிகம் உள்ளவை கொஞ்சம் கடினம். கூர் நீண்ட நேரம் நிற்கும், படலம் பூக்காது. 1908-ல் வெளிவந்து இன்று 120 நிறங்களில் கிடைக்கும் ஃபேபர்-கேஸ்டல் பாலிகுரோமோஸ் இந்த வகை. முடி, இலை நரம்பு என்று நுணுக்கமாக வரையப் பிடிக்குமென்றால் எண்ணெய் வகை. பெரிய இடங்களை வழவழப்பாக நிரப்பப் பிடிக்குமென்றால் மெழுகு வகை. தண்ணீர் தொட்டுக் கரைக்கும் வாட்டர்கலர் பென்சில் வேறு. இப்போதைக்கு அது வேண்டாம்.

அப்புறம், பென்சிலைக் கையில் எடுத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். வண்ணக் குச்சி மரத்தின் நட்ட நடுவில் இருக்க வேண்டும். ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் சீவும்போது ஒரு பக்கம் மரம் மூடியிருக்கும், மறுபக்கம் குச்சி வெறுமையாக நீண்டு நிற்கும், தொட்டதும் முறியும். மேசையில் உருட்டியும் பாருங்கள். ஆடி ஆடி உருண்டால் மரம் வளைந்திருக்கிறது. கீழே விழுந்து அடிபட்ட பென்சிலில் குச்சி உள்ளேயே துண்டு துண்டாகியிருக்கும். எத்தனை முறை சீவினாலும் முனை கழன்று விழும்.

இனி முக்கியமான சோதனை. கொஞ்சம் சொரசொரப்பான வரைதாளில் விரல் நகம் அளவுக்கு ஒரு கட்டம் போடுங்கள். வழவழப்பான தாளில் நல்ல பென்சிலும் தோற்றுப்போகும். நீல பென்சிலைச் சற்றுப் பின்னால் தளர்வாகப் பிடித்து, அழுத்தாமல், தாளில் வெள்ளைப் புள்ளிகள் மிச்சம் தெரியும்படி தீட்டுங்கள். அதன் மேல் மஞ்சளைக் குறுக்காகத் தீட்டுங்கள். மறுபடி நீலம், மறுபடி மஞ்சள். நல்ல பென்சில் என்றால் ஒவ்வொரு பூச்சுக்கும் பச்சை ஆழமாகிக்கொண்டே வரும். மட்டமானது என்றால் இரண்டாம் பூச்சிலேயே மெழுகுவர்த்தி மேல் எழுதுவது போல வழுக்கும், மஞ்சள் ஒட்டாது. காதையும் கொடுங்கள்: கரகரவென்று மணல் உரசும் சத்தம் வந்து நடுவில் கீறல் விழுந்தால் அந்தப் பென்சில் வேண்டாம்.

அடுத்தது, வெளிச்சத்தில் நிறம் நிற்குமா என்பது. ஒரு தடவை ஊதாப் பூக்கள் வரைந்து ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினேன். ஒரு வருடத்துக்குள் இலைகள் அப்படியே இருக்க, பூக்கள் மட்டும் சாம்பலாகிவிட்டன. எத்தனையோ மாலைகள் உட்கார்ந்து தீட்டிய பூக்கள் அவை, இன்றும் மனசு ஆறவில்லை. இளஞ்சிவப்பும் ஊதாவும்தான் பெரும்பாலும் முதலில் மங்கும். நல்ல நிறுவனங்கள் இதைக் குறிப்பிட்டுவிடும். ஃபேபர்-கேஸ்டல் பென்சிலில் நட்சத்திரங்கள் இருக்கும், மூன்று என்றால் உச்சம். காரன் டாஷ் லூமினன்ஸ் 6901 பென்சிலின் பெயரில் உள்ள எண்ணே நிறம் மங்காமைக்கான தர அளவுகோலின் எண்தான். எந்தக் குறியும் இல்லாத பென்சில் பழகுவதற்குப் போதும். சுவரில் மாட்டும் படத்துக்கும் பிறருக்குக் கொடுக்கும் படத்துக்கும் வேண்டாம்.

சரி, எத்தனை வாங்குவது? 12 அல்லது 24. ஒற்றைப் பென்சிலாகவும் கிடைக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். மஞ்சளும் வெள்ளையும் சீக்கிரம் தீரும், அதற்காக முழுப் பெட்டி வாங்க வேண்டியிருக்காது. நீங்களே பொறுக்குவதானால் மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றிலும் இரண்டிரண்டு எடுங்கள்: எலுமிச்சை மஞ்சளும் அடர் மஞ்சளும், ஆரஞ்சு சாய்ந்த சிவப்பும் ஊதா சாய்ந்த சிவப்பும், பச்சை சாய்ந்த நீலமும் ஊதா சாய்ந்த நீலமும். கூடவே ஒரு அடர் பழுப்பு, ஒரு வெள்ளை. கறுப்பு அவசரமில்லை, அடர் பழுப்பின் மேல் ஊதா சாய்ந்த நீலம் ஏற்றினால் வரும் இருட்டு கறுப்பைவிட உயிரோடு இருக்கும்.

வாங்கி வந்ததும் ஒரு தாளில் எல்லா நிறத்தையும் பட்டையாகத் தீட்டிப் பெயர் எழுதுங்கள். பாதியை அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் தேதி போட்டு ஒட்டுங்கள். மூன்று மாதம் கழித்து அட்டையை எடுத்தால், எந்தப் பென்சிலை நல்ல படத்துக்கு எடுக்கக் கூடாது என்று கண்ணுக்கே தெரியும்.