தலசீமியா: ரத்தம் ஏற்றுவதா, மஜ்ஜை மாற்றுவதா?

குழந்தைக்குத் தலசீமியா மேஜர் (உடலால் போதிய ஹீமோகுளோபினை உருவாக்க முடியாத, பரம்பரையாக வரும் கடும் ரத்த நோய்) என்று உறுதியானால், முதலில் உடன்பிறந்தோர் அனைவருக்கும் எச்.எல்.ஏ. எனப்படும் திசுப் பொருத்தப் பரிசோதனை செய்யுங்கள், ஒவ்வொருவருக்கும் முழுப் பொருத்தம் அமையும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பொருத்தம் இருந்தால், ஏற்றும் ரத்தத்திலிருந்து சேரும் இரும்பு படிந்து கல்லீரல் கெடுவதற்கு முன்பே, ரத்தத்தை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையை மாற்றும் சிகிச்சையைப் பற்றிப் பேசிவிடுங்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதலே அது நடைபெறுகிறது. நோயையே தீர்க்கக்கூடிய அச்சிகிச்சையில் உயிராபத்தும் உண்டு என்பதால், தங்கள் குழந்தையின் கல்லீரல் நிலையில் அந்த ஆபத்து எவ்வளவு என்று மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள்.

பொருத்தம் இல்லையெனில் 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். அதைத் தவறவிடாத பெற்றோர்கூட, இரும்பை வெளியேற்றும் மருந்தை இடையில் நிறுத்திவிடுவது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது. இதயத்தைக் கெடுப்பது அந்த இரும்புதான். டெஃபெராசிராக்ஸ் மாத்திரை தினமும் ஒருவேளை போதும், ஆனால் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும்; டெஃபெராக்சமைன் மருந்தோ சிறு பம்பு வழியாகத் தோலுக்கடியில் 8 முதல் 12 மணி நேரம் ஏற வேண்டும். எதைக் குழந்தை நாள் தவறாமல் ஏற்குமோ அதையே, மருத்துவர் ஒப்புதலுடன், தேர்ந்தெடுங்கள்.

குடியாத்தத்திலிருந்து முதல் பேருந்தில் வரும் ஒரு தாய், நாற்பது பக்க நோட்டில் தேதி, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் சேர்ந்த இரும்பைக் காட்டும் அளவு) என்று கட்டம் போட்டு எழுதி வருவார். அப்படியொரு நோட்டை நீங்களும் கொண்டு செல்லுங்கள்.